பணகுடி பக்கம் கரண்ட் எடுக்க பழைய காத்தாடி வச்சிருக்கவங்க இந்த செக்கிங்கை கண்டிப்பா பண்ணுங்க

எங்கப்பா 2003ல வச்ச 250 கிலோவாட் காத்தாடி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. ஆனி ஆடி காத்து பிடிக்கதுக்கு முன்னாடி முழுசா பாத்துரலாம்னு பங்குனியில நாரோயில்ல இருந்து காத்தாடி செக் பண்ற ஒரு டீமை வரச்சொன்னோம்.

வந்தவொ உடனே டவர்ல ஏறல, "அண்ணாச்சி, டைப் சர்டிபிகேட் இருக்கா?"ன்னுதான் மொதல்ல கேட்டாவ. இந்த மாடல் டிசைன் ஸ்டாண்டர்டு படி இருக்குன்னு குடுக்குற சர்டிபிகேட் அது, பீரோவுல தேடி எடுத்துக் குடுத்தேன். ஐஇசிங்க உலக மின்சார அமைப்பு காத்தாடி டிசைனுக்கு போட்ட 61400-1 ஸ்டாண்டர்டுல "கிளாஸ் II A"ன்னு போட்டிருக்கு, அதுக்கு அர்த்தம் இத்தன வருசத்துல ஒருத்தரும் எனக்கு சொன்னதில்ல, இவ்வொ உக்காந்து சொன்னாவ. நம்பர் காத்து வேகத்துக்கு, எழுத்து காத்து எவ்வளவு குழம்பி வருதுங்கதுக்கு. கிளாஸ் டூன்னா வருச சராசரி செகண்டுக்கு 8.5 மீட்டர், 50 வருசத்துக்கு ஒருக்கா வரக்கூடிய பெருங்காத்து 10 நிமிச சராசரியில 42.5 மீட்டர், அதாவது மணிக்கு 153 கிலோமீட்டர், அதையும் தாங்கணும். டிசைன் ஆயுசு குறைஞ்சது 20 வருசம். நம்ம மெஷின் அத தாண்டிட்டு, அதனால றெக்கை அடியையும் டவர் போல்ட்டையும் ஒண்ணொண்ணா பாத்தாவ.

நமக்கு மேக்க இப்ப ரெண்டு பெரிய மெஷின் வந்திருக்கு. அதத் தாண்டி வர்ற காத்து கலங்கிப்போய் நம்ம றெக்கையில அடிக்கும், வேகம் கூடலன்னாலும் போல்ட்டு கியர்பாக்ஸ் எல்லாம் சீக்கிரம் தேயும்னாவ. கரண்ட் கொறையுதேன்னு மட்டுந்தான் நான் இவ்வளவு நாளும் கவலப்பட்டேன், இத யோசிக்கவே இல்ல.

ஓடவிட்டு நிறுத்திப் பாத்ததுல றெக்கை நுனி குறுக்க திரும்பி மெஷின நிறுத்துற மூணு நுனி பிரேக்குல ஒண்ணு லேட்டா திரும்புச்சு, ஹைட்ராலிக் ஆயில் லீக். ஆடிக் காத்துல கரண்ட் லைன் போயி, அந்த நேரம் பிரேக் பிடிக்கலன்னா என்ன ஆகும்னு நெனச்சாலே பயமா இருக்கு, அன்னைக்கே சரி பண்ணிட்டாவ. றெக்கை நுனியில இருந்து அடியில எர்த் குழி வரைக்கும் இடி இறங்குற வழியையும் மீட்டர் வச்சுப் பாத்தாவ, அதுக்குன்னே 61400-24ன்னு தனி ஸ்டாண்டர்டு இருக்காம்.

மொத நாள் மேல காத்து கூடுதல்னு ஏறவே இல்ல, எனக்கு கோவம்தான் வந்துச்சு, ஆனா மெஷின் புக்குல போட்டிருக்க அளவைக் காட்டுனாவ, அவ்வொ உசிரும் உசிருதான.

குறைன்னா ரிப்போர்ட் ரெண்டு வாரம் லேட், அதுவும் முழுக்க இங்கிலீஷ்ல. போட்டோவுல எந்த போல்ட்டுன்னு நம்பரும் போடல, திரும்ப போன் பண்ணித்தான் கேக்க வேண்டியதாப் போச்சு. கூப்பிடுததுன்னா மாசியிலயே சொல்லி வைங்க, சித்திரை பொறந்துட்டா அவ்வொளுக்கு நேரம் கெடைக்காது.