மணி அடிக்காத கடவை

2023 ஓகஸ்டில், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்தில், பதினான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து இரண்டு மாதமாகியும் அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் முன்னே வந்து நிற்பது கோயிலோ கடலோ உறவினர் வீடுகளோ அல்ல. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை ரயில் பாதையில், இரண்டு சிறிய நிலையங்களுக்கு நடுவில், எங்கள் பழைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைத் தண்டவாளம் வெட்டிச் செல்லும் ஒரு கடவைதான். மற்றவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கடவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மதியம் சரிந்த நேரம். மச்சானிடம் இரண்டு சைக்கிள்களை வாங்கிக்கொண்டு, மகள் முன்னாலும் நான் பின்னாலுமாகப் போய்க்கொண்டிருந்தோம். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. பனையோலைகளின் சரசரப்பைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஒழுங்கையின் இரு புறமும் பூவரச வேலி உயர்ந்து நின்றதால், தண்டவாளத்தை ஏறக்குறைய மிதிக்கும் தூரத்துக்கு வந்த பிறகே இடமும் வலமும் பார்க்க முடியும். கடவையில் சிவப்பு விளக்கும் மணியும் பொருத்திய கம்பம் ஒன்று இருந்தது. விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை. ஆகவே கோச்சி, அதாவது ரயில், எதுவும் வரவில்லை என்றுதான் மகள் நினைத்திருப்பாள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எரியாத சிவப்பு விளக்கு என்றால் போகலாம் என்றுதான் பொருள். அவளில் பிழை சொல்ல முடியாது.

தகரக் கூரை போட்ட சிறு கொட்டிலிலிருந்து ஓர் இளைஞர் பாய்ந்து வந்து அவளுடைய சைக்கிளின் கைபிடியை இரு கைகளாலும் பற்றிப் பின்னுக்குத் தள்ளினார். "அண்ணை, கோச்சி வருது, பிள்ளையைப் பிடியுங்கோ!" என்று அவர் கத்திய பிறகுதான் ஹோர்ன் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அவளை விட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, சிவப்புக் கொடியை விரித்துத் திரும்புவதற்குள், காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த வண்டி எங்கள் முகத்தில் காற்றை அடித்துவிட்டுப் போய்விட்டது. மகள் அழவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, வேலியோரமாக நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்குத்தான் கால்கள் நடுங்கி, அந்தக் கொட்டிலின் வாங்கில் போய் உட்கார வேண்டியதாயிற்று.

அன்று ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்து அவரோடு பேசினேன். முப்பத்தொரு வயது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்தவர். "முதல்முதல் கோச்சியைக் கண்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அண்ணை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில், இந்தப் பாதை மூடிக் கிடந்த காலம் எவ்வளவு நீண்டது என்பது எனக்கு முழுமையாக உறைத்தது.

எங்கள் பகுதியில் கோச்சி ஓடத் தொடங்கியது 1902 இல். 1956 இல் யாழ்தேவி கடுகதி வந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் மணிக்கூட்டைவிடக் கோச்சியைத்தான் நம்பினார்கள்; மெயில் போய்விட்டது, படுக்கப் போங்கள் என்று அம்மா சொல்லுவா. 1990 ஜூனில் போரால் அது நின்றது. அதே மாதத்தில் நாங்களும் எங்கள் ஊர்ப்பகுதியான வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறினோம்; எனக்கு அப்போது பதினைந்து வயது. அதன் பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை இருந்த மண்மேட்டில் பற்றை வளர்ந்தது. சில இடங்களில் அதுவே ஒழுங்கையாகவும் மாறியது. போர் முடிந்த பின், இந்தியக் கடனுதவியில் இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அந்த ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் கோச்சி வந்தது. அன்று வெளியான படங்களை நான் இங்கே இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை போட்ட இயந்திரம், அதைத் தொட்டுக் கும்பிட்ட வயோதிபர்கள், எதையும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் என அந்தக் காட்சிகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி அன்று நான் யோசிக்கவில்லை. கோச்சியோடு வாழத் தெரிந்த ஒரு சமூகத்துக்கே பாதை திரும்பி வந்தது என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் கடவையைக் கடக்கக் கற்றது எவரும் சொல்லித் தந்து அல்ல. தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டோம்; ஐந்து சதக் குற்றியை வைத்து நசுக்கிப் பார்த்து அடி வாங்கினோம்; கேற்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடினோம். கேற் பூட்டினால் சைக்கிளை ஒரு காலில் தாங்கி நின்று, முன்னால் நிற்பவரோடு ஊர்க்கதை பேசுவதுதான் வழக்கம். இருபத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பழக்கம் அறுந்துபோனது. கோச்சியைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, மணமுடித்து, மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரிந்த ஒழுங்கைகளின் குறுக்கே பாதை மீண்டும் போடப்பட்டது.

திரும்பி வந்த பாதையும் பழைய பாதை அல்ல. அக்காலத்துத் தண்டவாளத் துண்டுகளின் இணைப்புகளில் சில்லுகள் ஏறி இறங்கும்போது எழும் 'தடக் தடக்' ஓசை, கோச்சி கண்ணுக்குத் தெரியும் முன்னே எங்களுக்குச் செய்தி சொல்லிவிடும். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம், கொங்கிறீற் சிலிப்பர்கள், பழையதைவிடக் கூடிய வேகம். பயணிக்கு இது சுகம்; வரும்போது நானே அதைப் பாராட்டினேன். ஆனால் கடவையில் நிற்பவனுக்கு அந்த முன்னறிவிப்பு இல்லாமற் போய்விட்டது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் வடக்கேயிருந்து வரும் கோச்சியின் சத்தத்தைக் காற்றே பின்னுக்குத் தள்ளிவிடும் என்று அந்தத் தம்பி சொன்னபோது, அவர் இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை, அந்த வாங்கில் இருந்து இருந்தே கற்றிருக்கிறார் என்பது தெரிந்தது.

அந்தக் கொட்டிலுக்குத் தொலைபேசி இல்லை. கோச்சி நேரத்துக்கு வருகிறதா, பிந்துகிறதா என்பதை அவருக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு பாடசாலைக் கொப்பி. கோச்சி கடந்த நேரத்தை ஒவ்வொரு நாளும் அதில் எழுதுகிறார். முந்திய கடவையில் இருப்பவர் தன் கைபேசியில் இவரை அழைத்து "விட்டிட்டன்" என்கிறார். இவர் அடுத்தவரை அழைத்து அதையே சொல்கிறார். எங்கள் சைக்கிள்கள் வந்த வேளையில் முந்திய கடவைக்காரரின் அழைப்பு வரவில்லை. அவருடைய கைபேசியில் காசு முடிந்துவிட்டதாம். கொப்பியில் எழுதிய நேரத்தை நம்பி எழும்பி வெளியே வந்ததால்தான் என் மகளை அவர் கண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபத்தை இன்னும் அடக்க முடியவில்லை. நான் இருக்கும் நாட்டில், செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு விவசாயி மட்டும் கடக்கும் வயற்கடவைகளிற்கூடக் கம்பத்தில் தொலைபேசி பொருத்தியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாடு ஆடுகளையோ மெதுவாகச் செல்லும் உழவு இயந்திரத்தையோ கொண்டு கடக்க வேண்டுமானால், அதை எடுத்துக் கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே கடக்க வேண்டும். இதை அந்தத் தம்பிக்குச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "அந்த ரெலிபோன் ஆருக்குப் போகும், அண்ணை?" என்று மட்டும் கேட்டார். சமிக்ஞை அறையில் இருப்பவருக்கு நேரே போகும் என்றேன். "எங்கடைக்கு அடுத்த கேற்காரன்தான் சமிக்ஞை அறை" என்றார்.

ஒப்பீட்டில் நியாயம் வேண்டும் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே ட்வீட்பாங்க் வரை, 1969 இல் மூடப்பட்ட பாதை ஒன்றை 2015 செப்டெம்பரில், அதாவது காங்கேசன்துறைக்குக் கோச்சி வந்த அதே ஆண்டில், மீண்டும் திறந்தார்கள். மீண்டும் போட்ட பகுதி ஏறத்தாழ 48 கிலோமீற்றர். நான் அதில் பயணம் செய்திருக்கிறேன். அங்கே சாலைகள் தண்டவாளத்தைப் பாலங்கள் வழியாகத்தான் கடக்கின்றன; மிக விதிவிலக்கான நிலையில் அன்றிப் புதிய சமதளக் கடவைக்கு அனுமதி இல்லை என்பது பிரித்தானியாவின் கொள்கை. அதை யாழ்ப்பாணத்தில் எதிர்பார்ப்பது பிழை. பளையிலிருந்து காங்கேசன்துறை வரையான 56 கிலோமீற்றரில், தட்டையான நிலமும் நெருங்கிய வீடுகளும் நூறு அடிக்கு ஓர் ஒழுங்கையுமாக இருக்கும் இடங்களில், எத்தனை பாலம் கட்டுவது? பாலத்தை நான் கேட்கவில்லை. இருக்கும் மணி அடிக்க வேண்டும், இருக்கும் விளக்கு எரிய வேண்டும், கொட்டிலில் ஒரு தொலைபேசி வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பாதை திறக்கும் நாளில் இயந்திரத்துக்கு மாலை போட்டவர்கள் அதற்கடுத்த நாளைப் பற்றியும் யோசித்திருக்க வேண்டும்.

அவருடைய சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, மச்சான்தான் சொன்னார். ஒப்பந்த அடிப்படையில் கடவைகளில் நிற்கும் இவர்களுக்கு நீண்ட காலமாக நாளொன்றுக்கு 250 ரூபா என்பதே கணக்காக இருந்தது. அதைக் கூட்டித் தரும்படியும் நிரந்தரமாக்கும்படியும் வடக்கில் இவர்கள் பலமுறை பணிப்புறக்கணிப்புச் செய்திருக்கிறார்கள். 250 ரூபா நாங்கள் போயிருந்த நாட்களில் ஒரு பவுணைவிடக் குறைவு. அந்த வேலைக்காகத் தன் பணத்தில் கைபேசிக்கு ரீலோட் போடுகிறார். நான் காற்சட்டைப் பையில் கையை விட்டதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "அப்பிடிச் செய்யாதேங்கோ, அண்ணை. நான் கொடி பிடிச்சதுக்குக் காசு வாங்கினதா இருக்கக் கூடாது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து போகிற எங்களுக்குக் கை முதலில் போவது பைக்குள்தான்.

அந்த மணியைத் திருத்துவதற்கு யாரைக் கேட்பது என்று அறிய ஒரு முழு நாளைச் செலவழித்தேன். ஓர் அலுவலகத்தில், தண்டவாளம்தான் தங்களுடையது, ஒழுங்கை அல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், ஒழுங்கை தங்களுடையதுதான், ஆனால் மணியும் விளக்கும் அல்ல என்றார்கள். மூன்றாவது இடத்தில், காவலாளிகளின் வருகைக்குத்தான் தாங்கள் பொறுப்பு என்றார்கள். எவரும் என்னோடு மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. கதிரை தந்தார்கள், ஓரிடத்தில் தேநீரும் தந்தார்கள். ஒருவர் தன் மைத்துனரின் பிள்ளையும் மயிரிழையில் தப்பியதாகத் தானாகவே சொன்னார். இவ்வளவு தெரிந்த மனிதர், ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதி மேலே அனுப்பத் தயங்கியதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டபோது, அதற்குரியவர் விடுமுறையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஊர் வந்த பாதையை நான் குறை சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவிட்டபுரம் தாண்டிக் கடல் தெரியும் இடத்தில், கோச்சி மெதுவாகிக் காங்கேசன்துறைக்குள் நுழைந்தபோது, நான் யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாதைக்காக நேர்த்தி வைத்த அம்மா அதில் ஏறாமலே இங்கே இறந்துபோனா. அது ஓட வேண்டும். தினமும் ஓட வேண்டும். ஆனால் தண்டவாளத்துக்கு இரு பக்கமும் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் அது ஓட வேண்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் மகளும் நானும் மீண்டும் கடவைக்குப் போனோம். இம்முறை சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போனோம். மகள் அவருக்கு ஒரு புதுக் கொப்பியும் இரண்டு பேனைகளும் கொண்டு போனாள். அதை அவர் மறுக்கவில்லை. கொட்டிலின் கூரையைக் காட்டி, மாரியில் எப்படியிருக்கும் என்று கேட்டேன். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் கைபேசி அடிப்பதும் கேட்காது, ஹோர்னும் கேட்காது, அப்போது குடையோடு வெளியே தண்டவாளத்தின் ஓரமாகத்தான் நிற்பேன் என்றார்.

நான் இதை எழுதுவது ஒக்டோபர் மாதத்தில். என் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. நேற்று மச்சானோடு பேசினேன். கம்பத்து மணி இன்னும் அடிக்கவில்லையாம், வடக்குப் பக்கம் மழை கறுக்கத் தொடங்கிவிட்டதாம்.