ஆறு ஞாயிறு, ஒரே ஒரு டிஃபென்ஸ்: காட்பாடி பக்கம் ஒரு பாஸ்கெட்பால் பயிற்சி

எங்கள் கல்லூரிப் பையன்கள் பன்னிரண்டு பேரை ஆறு ஞாயிறு காட்பாடி பக்கம் ஒரு பாஸ்கெட்பால் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் இடத்தின் பெயர் வேண்டாம். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். பி.டி. சார் வேலையை விட்டுப் போனதும் டீம் என் தலையில் விழுந்தது, பன்னிரண்டில் ஒன்பது பேர் பள்ளியில் வாலிபால் ஆடியவர்கள், ராணிப்பேட்டைப் பக்கத்து டீம் ஒன்றோடு ஆடிப் பார்த்ததில் 58-21 என்று உதை வாங்கிய பிறகுதான் பணம் கட்டினேன்.

முதல் நாள் கோச் பந்தையே எடுக்கவில்லை. ஆளுக்கொரு துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டே எதிரில் இருப்பவனை மறித்து நகரச் சொன்னார். கையை நீட்ட முடியாது, காலை நகர்த்தித்தான் ஆகவேண்டும். கற்றுக்குட்டிகள் பல நேரம் ஃபவுல் வாங்குவது கையை நீட்டித்தான், ஐந்தாவது ஃபவுலில் ஆள் வெளியே, அதோடு ஒரு குவார்ட்டரில் டீம் ஃபவுல் நாலு ஆகிவிட்டால் அடுத்து மறிக்கும்போது செய்யும் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அன்று இரண்டரை மணி நேரம் துண்டோடுதான் போனது. பையன்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து 2-3 ஸோன் மட்டும், அதாவது ஆளை அல்ல, அவரவர் இடத்தை மறிப்பது. மேலே இரண்டு பேர், ரிங் பக்கம் மூன்று பேர், அவரவர் இடத்தைச் சாக்பீஸால் சிமெண்ட் தரையில் வட்டம் போட்டுவிட்டார். ஆளுக்கு ஒருத்தனை மறிக்கும் மேன் டு மேனில் ஒருத்தன் ஏமாந்தால் எல்லாம் சரிந்துவிடும், ஸோனில் பக்கத்தில் இருப்பவன் காப்பாற்றலாம் என்பது அவர் கணக்கு. அமெரிக்க லீக்கான என்பிஏ பார்க்கும் ஒருத்தன், யாரையும் மறிக்காமல் ரிங்குக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் டிஃபென்ஸ் ஆள் நிற்கக் கூடாதே என்று மடக்கினான். அது அங்கே. நாம் ஆடுவது உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபிபாவின் விதி, இங்கே அந்தத் தடை அட்டாக் செய்பவனுக்கு மட்டும்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லைன்அப் போட்ட விதம். உயரமான பையனை நடுவில் நிறுத்துவார் என்று நினைத்தேன், அவரோ நன்றாகக் கத்துகிற பையனை நிறுத்தினார். நடுவில் நிற்பவனுக்குத்தான் முழுக் கோர்ட்டும் தெரியும், அவன் வாயை மூடினால் மற்ற நாலு பேரும் குருடர்கள். “சார், நான் இன்னா சார் கத்துறது?” என்று அவன் கேட்க, “கண்ணுக்கு இன்னா தெரியுதோ அத்தயே கத்துடா” என்றார். உயரமானவன் ஓரத்துக்குப் போனான். பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள் எங்களிடம் இரண்டே பேர். ஒருத்தனைத் தொடக்கத்தில் இறக்கி மற்றவனை பெஞ்சில் வைத்தார், ஏனென்றால் இரண்டு பேரும் சேர்ந்து களைத்துவிட்டால் எதிரணி பிரஸ் போட்டு நம் பக்கத்திலேயே வந்து நெருக்கும்போது, விதிப்படி எட்டு விநாடிக்குள் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்ட ஆள் இருக்காது.

இப்போது குறை. 2-3 ஸோனில் மூலைதான் ஓட்டை, வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோடு மற்ற இடத்தில் ரிங்கிலிருந்து 6.75 மீட்டர் என்றால் அங்கே 6.6 தான். பந்து மூலைக்குப் போனால் கீழ் ஓரத்தில் நிற்பவன் ஓடவேண்டும், நடு ஆள் அவன் பக்கம் நகரவேண்டும், எதிர் ஓரத்தவன் ரிங்குக்குக் கீழே வரவேண்டும். இதற்கு ஐந்தாவது வாரத்தில் அரை மணி நேரம்தான் கிடைத்தது. ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, அதுகூட இல்லை. ஸோனில் இவன் என் ஆள் என்று யாரும் கிடையாது, ஷாட் போனதும் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள், பின்னாலிருந்து ஒருத்தன் வந்து எடுத்துக்கொண்டு போகிறான்.

ஆறு வாரத்துக்கு, டீமுக்கு 6,000 ரூபாய் வாங்கினார்கள், ரசீது கேட்டுக் கேட்டு நாலாவது வாரம்தான் கையில் வந்தது. ஒரு பக்க ரிங்கில் வலையே இல்லை. காலை ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு முறை ஏழரைக்குக் கேட்டைத் திறந்தார்கள், வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சிமெண்டில் ஷூவோடு நிற்கவே முடியாது, நிழலுக்கு இருப்பது ஒரே ஒரு வேப்பமரம்.

அதே டீமோடு திரும்ப ஆடினோம். 44-37, தோல்விதான், கடைசி குவார்ட்டரில் மூன்று த்ரீ வாங்கினோம், மூன்றும் மூலையிலிருந்து. ஆனால் ஃபவுலில் ஒருத்தன்கூட வெளியே போகவில்லை. ஷூட்டிங் கற்க வேண்டும் என்றால் இங்கே போகாதீர்கள். புது டீம் என்றால் போகலாம், தண்ணீர் கேனையும் இரண்டு நல்ல பந்தையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், மூலைக்கு யார் ஓடுவது என்று மூன்றாவது வாரமே கேட்டுவிடுங்கள்.