கணுக்கால் நரம்புத் தூண்டல்: ஓராண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

அடக்க முடியாமல் மூத்திரம் முட்டுகிறவர்களுக்கான கணுக்கால் கருவிகள் இரண்டு வகை. சாதாரண டென்ஸ் மெஷினில் (தோல்மேல் ஜெல் பேட் ஒட்டி நரம்பைத் தூண்டும் சிறு கருவி) கரன்ட்டை நாமே கூட்டிக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற விவாலி போன்ற பட்டைகள் பாதத் தசையின் மின்சைகையை ஓர் உணரியால் படித்துத் தாமே அளவைத் திருத்திக்கொள்ளும். இந்த உணரி மூத்திரப்பை நிறைந்ததா என்று பார்ப்பதாகப் பலர் நம்புகிறார்கள். கணுக்கால் வழியாகப் பாதத்துக்கு ஓடும், மூத்திரப்பையோடு தொடர்புள்ள டிபியல் நரம்பு தூண்டப்பட்டதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

டென்ஸில் அந்த வேலையைக் கால் பெருவிரல் செய்கிறது. கறுப்பு ஒயர் பேட் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், சிவப்பு அதற்கு 10 செ.மீ. மேலே. நொடிக்கு 20 துடிப்பு (20 ஹெர்ட்ஸ்), ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோசெகண்ட், ஒரு தடவைக்கு 30 நிமிடம். பெருவிரல் மடங்கும்வரை கூட்டி, பொறுக்கும் அளவுக்குச் சற்றுக் குறைக்க வேண்டும். உள்ளங்காலில் தரிப்பு (மதமதப்பு) ஓடினால் இடம் சரி. எலும்பின் மேல் சுள்ளென்றால் பேட் முன்னால் வந்துவிட்டது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குத் தரிப்பே தெரியாது; கூட்டிக்கொண்டே போனால் தோல் புண்ணாகும். நரம்பு மிகவும் கெட்டிருந்தால் விரலும் அசையாது, உணரிக்கும் சைகை கிடைக்காது. அங்கே மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, பேட்டின் பெரிய எதிரி ஈரம்தான். ஜெல் ஊறி ஓரம் தூக்கியதும் மிச்சமுள்ள பரப்பில் கரன்ட் குவிந்து குத்தும். வலிக்குப் பயந்து அளவைக் குறைத்தால் நரம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. 'எனக்கு இது கேட்கவில்லை' என்று கைவிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓரத்தைத்தான். காலில் தேங்காயெண்ணெய் இருந்தாலும் இதே கதி: சோப்பால் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். பேட்டைப் பிளாஸ்டிக் தாளோடு மூடி இறுகும் டப்பாவில் வைக்கலாம். குளச்சல், முட்டம் கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் ஒயர் முனையில் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுவிட்டு வரும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

உணரிப் பட்டைக்கு வியர்வை இன்னும் பெரிய தொல்லை. தசைச் சைகை, கருவி விடும் மின்துடிப்புக்குச் சுமார் 4 முதல் 6 மில்லிசெகண்ட் கழித்தே வரும். அதற்கு முன் தெரிவது கருவி விட்ட கரன்ட்டின் எச்சம்தான். வியர்வை, பட்டையின் எலக்ட்ரோடுகளை (தோலைத் தொடும் மின்முனைகளை) இணைத்தாலோ காலை ஆட்டினாலோ இரண்டும் கலந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே பாதத்தை அசைக்காமல் உட்காருவது மிக முக்கியம்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாமாகத் தொடவே கூடாது. மூத்திரம் போகையில் எரிச்சலோ இரத்தமோ இருந்தால் முதலில் மூத்திரப் பரிசோதனை.

பலனை 12 வாரம் கழித்துத்தான் கணிக்கலாம். தொடங்குமுன் 3 நாள், முடிவில் 3 நாள் குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை மி.லி., எத்தனை கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ). குணம் கண்டவுடன் அடியோடு நிறுத்தினால் தொந்தரவு மெல்லத் திரும்பும். இதே நரம்பை மெல்லிய ஊசி குத்தித் தூண்டும் முறையில்கூட 12 வாரத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை போலத் தொடர்கிறார்கள்.