தபாலில் வரும் பெட்டியா, வாளியில் ஊறும் களிமண்ணா?

காட்பாடிக்குக் குடிவந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரத் தொடங்கினோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. எழுத்தும் கணக்கும் எப்படியோ ஓடின, கைவேலைதான் இழுத்தது. மாதாமாதம் தபாலில் வரும் கைவேலைப் பெட்டிக்குச் சந்தா கட்டினேன். மூன்று பெட்டிகளோடு நிறுத்திவிட்டு, அந்தந்த மாதத்தில் ஊரில் எது கிடைக்கிறதோ அதற்கு மாறிவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பெட்டியின் வசதி எல்லோரும் அறிந்ததுதான். வெட்டி வைத்த அட்டை, அளவாகப் பசை, படம் போட்ட செய்முறைத் தாள். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாலும் வேலை நடக்கும். விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பருவம்தான் இடித்தது. ஐப்பசி அடைமழையில், சிவந்து உதிரும் இலைகளை ஒட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. எங்கள் தெருவில் வேம்பும் புங்கையும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். மார்கழிப் பெட்டியில் பஞ்சு வைத்த பனிமனிதன். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்யும் பட்டியலில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சின்னக் குறைகள். என்னை மாற்றியது 'மறுபடியும்' என்ற ஒரு சொல். சின்னவன் ஆந்தையின் கண்ணை வாலில் ஒட்டிவிட்டான். பெட்டியில் இருந்தவை இரண்டே கண்கள். பிய்த்ததும் அட்டை கிழிந்தது. "மறுபடியும் செய்யலாமாம்மா?" என்றான். செய்ய முடியாது, அடுத்த பெட்டி அடுத்த மாதம்தான்.

களிமண்ணில் அந்தக் கேள்வியே எழவில்லை. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கி மீந்த மண்ணில் ஆரம்பித்தோம். தும்பிக்கை ஒடிந்தால் இன்னொன்று உருட்டினால் ஆயிற்று. ஒரே உருண்டை அன்று மாலைக்குள் பிள்ளையார், ஆமை, தோசைக்கல் என்று மூன்று பிறவி எடுத்தது.

ஆனால் மண்ணைப் பேணத் தெரிய வேண்டும். இந்த ஊர் வெயிலில் காலையில் பிசைந்தது மதியத்துக்குள் வெடித்துவிடும். பாதி காய்ந்த கட்டியில் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன். மேலே வழவழப்பு, உள்ளே கல். கரிகிரியிலிருந்து சட்டி விற்க வந்த பெரியம்மாதான், "நன்றாகக் காயட்டும், விடும்மா. அரைகுறை ஈரத்தோடு இருந்தால் ஊறாது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. முழுக்கக் காய்ந்ததை உடைத்து இரவு வாளித் தண்ணீரில் போட்டால், காலையில் தானே குழைந்து கிடக்கிறது. மேல்நீரை வடித்து, மொட்டைமாடியில் பழைய வேட்டியில் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரச் சாக்கில் சுற்றிவிடுகிறேன். சூளையில் வெந்த மண் மட்டும் திரும்பக் குழையாது. அதனால் கார்த்திகை அகல்களை வெந்ததாகவே வாங்கி, வண்ணம் தீட்டுவதோடு சரி.

மார்கழிக் கோலமும் இதே கதைதான். கோணினால் துடைப்பம் இருக்கிறது. ஐந்து புள்ளி, மூன்று வரை ஊடுபுள்ளி வைத்து, 3, 4, 5, 4, 3 என்று கூட்டி 19 என்று பெரியவள் கண்டுபிடித்தாள். அன்றைக்குக் கணக்குப் பாடமும் வாசலிலேயே முடிந்தது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். பதினொரு வயதான அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தபோது களிமண்ணைத் தொடவில்லை. மிச்சமிருந்த பெட்டியைப் பிரித்து, அழகாக முடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மாடி இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் மண் கொஞ்சம் தொல்லைதான்.

யார் வாங்கினாலும், மண் கரைத்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டு பிளம்பருக்கு 400 ரூபாய் கொடுத்தேன். இப்போது அந்தத் தண்ணீர் முருங்கைக்குப் போகிறது.