ரொட்டி ஆறுமுன் பேச்சை முடியுங்கள்

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்து மண்டபமொன்றில் நடக்கும் கூடலுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கட்டாயம் போங்கள். மலையகத் தோட்டங்களின் வரலாறு பற்றி ஒரு மணித்தியாலம் பேச்சு. பிறகு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, தேத்தண்ணி. கட்டணம் இல்லை, மனம்போல உண்டியலில் போடலாம்.

பேச்சில் குறை சொல்ல இடமில்லை. 1823இல் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டம், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தேயிலை, 1869இல் கோப்பியைப் பிடித்த இலைநோய், 1948இல் தோட்டத் தமிழருக்குப் பறிபோன குடியுரிமை என்று ஆண்டும் இடமுமாக விளக்குகிறார்கள். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மாமாருக்கு முன் வரிசையை ஒதுக்குவது அருமையான வழக்கம். "அரைப்பேர்னா என்னம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "கொழுந்து நிறை குறைஞ்சா பாதி நாள் சம்பளந்தான் புள்ள, நாள் முழுக்க மலையில நின்னாலும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சாளர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டில்தான் திருத்த வேண்டியது இருக்கிறது. ரொட்டியின் பக்குவம் சரி: 1 கிலோ கோதுமை மாவுக்கு 2 தேங்காய், சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணியில் பிசைந்து அரை மணி மூடி வைத்தால் 16 ரொட்டி வரும். பிழைப்பது நேரம். 60 பேருக்கு ஆளுக்கு இரண்டென்றால் 120 ரொட்டி. ஒரு கல்லில் நாலு போட்டு இரு பக்கமும் வேக 6 நிமிடம், அதாவது மணிக்கு 40. ஒரே கல்லை வைத்துக்கொண்டு மூன்று மணிக்கே சுடத் தொடங்குகிறார்கள். பேச்சு நீண்டு ஆறு மணியானதும் அடியில் கிடக்கும் ரொட்டி தோல்மாதிரி இழுபடுகிறது. மூடிய பெட்டியில் ஆவி வேர்த்து மேல்தோல் நனைகிறது, உள்ளே மாவு ஆறி இறுகுகிறது. திரும்பச் சூடாக்கினால் இன்னும் காயும். மூன்று கல் இரவல் வாங்கி, உருண்டைகளை ஈரத்துணியால் மூடி வைத்து, கேள்வி நேரம் தொடங்கும்போது சுடத் தொடங்கினால் முதல் வரிசைக்குச் சூடாகவே போகும். பின்வரிசை கொஞ்சம் காத்திருக்கட்டும். கல்லிலிருந்து நேரே வரும் ரொட்டிக்காகக் காத்திருப்பதில் தவறில்லை.

சம்பலை அம்மியில் இடிக்கிறார்கள். காய்ந்த கொச்சிக்காயையும் உப்பையும் முதலில் தூளாக்கி, வெங்காயத்தைக் கடைசியில் நசுக்குவதால் தண்ணி விடுவதில்லை. தேசிக்காய் பரிமாறும்போதுதான். ஆனால் மாசிக் கருவாட்டை எல்லாவற்றிலும் கலந்துவிடுகிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர் வரும் இடத்தில் மாசியில்லாத சம்பலைத் தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு வையுங்கள்.

மரவள்ளி நன்றாக இருந்தது. நடு நரம்பை எடுத்து, நிறையத் தண்ணியில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணியை வடித்துக் கொட்டியிருந்தார்கள். நச்சு வெளியேற அதுதான் முறை. ஆனால் பக்கத்திலேயே இஞ்சித் தேத்தண்ணி! மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்த பெரியவர்கள் கிழங்கைத் தொடாமல் வைத்துவிட்டார்கள். மரவள்ளி உள்ள நாளில் இஞ்சியை விட்டுவிடலாம்.

தேத்தண்ணிக்குத் தூளைப் போட்டபடியே அடுப்பில் கொதிக்கவிடுவதால் கசப்பு ஏறுகிறது. 9 லீற்றருக்கு 180 கிராம் தூள் போதும். தண்ணி தளதளவென்று கொதித்ததும் இறக்கி, தூளைப் போட்டு மூடி, 5 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். சீனியைக் கலக்காமல் தனியாக வைத்தால் நீரிழிவு உள்ளவர்களும் குடிக்கலாம்.

ஹற்றன் பக்கம் திரும்புபவர்கள் பஸ்ஸுக்காகக் கேள்வி நேரத்திலேயே எழும்புகிறார்கள். அவர்களுக்கு வாசலில் இரண்டு ரொட்டியும் கொஞ்சம் சம்பலும் வாழையிலையில் மடித்துக் கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள்.