எமிசார் டி4வி2: ஆர்வலர்கள் கைபட்ட டார்ச்

டார்ச் விளக்கை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அது எத்தனை லூமன், அதாவது மொத்தம் எவ்வளவு வெளிச்சம், தருகிறது என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். எமிசார் டி4வி2 பற்றி எழுதும்போது, அது எவ்வளவு குறைவாக எரிய முடியும் என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. விளக்கு அணைந்திருக்கும் நிலையில் அதன் பொத்தானை ஒரு கணம் அழுத்திப் பிடித்து விட்டால், நிலா மங்கிய இரவில் முற்றத்தில் விழும் அளவுக்கான வெளிச்சம் மட்டும் வரும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தேடும்போது, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் இமை அசையாமல் குடத்தின் விளிம்பையும் டம்ளரையும் கண்டுகொள்ள அது போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கூசவைக்காத இந்த மெல்லிய ஒளி, விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிடும் அளவுக்குக் கவர்ச்சியானது அல்ல. இரவுதோறும் டார்ச்சைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் இதைக் கேட்டு வாங்கியிருக்க முடியும்.

அப்படிக் கேட்டு வாங்கியவர்களின் கதைதான் இந்த விளக்கின் கதையும். எமிசார் டி4 முதலில் 2017-இல் சீனத் தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து வந்தது. 18650 என்னும் அளவுள்ள, திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய ஒரே ஒரு லித்தியம் பேட்டரி, விளக்கின் தலையில் நான்கு எல்இடி, அவற்றை மூடும் ஒற்றைப் பிளாஸ்டிக் லென்ஸ், பக்கவாட்டில் ஒரு பொத்தான் என்று வடிவம் எளிமையானது. நீளம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் உள்ளே ஓடிய மென்பொருள் தொழிற்சாலையில் எழுதப்பட்டதல்ல. டார்ச் விளக்குகளின் மீது தீராத ஈடுபாடு கொண்டவர்கள், தங்கள் சொந்த விளக்குகளின் சுற்றுப்பலகைகளைக் கழற்றிச் சோதித்து எழுதிய மென்பொருள் அது. தயாரிப்பாளர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். டி4வி2 அதன் இரண்டாம் தலைமுறை. இன்று இதில் ஓடுவது அண்டுரில் 2 என்னும் மென்பொருள். இது திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை விளக்கில் ஏற்றுவதற்காகவே சுற்றுப்பலகையில் செம்புப் புள்ளிகளை வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். பேட்டரிக் குழாயைத் திருகிக் கழற்றினால் அவை கண்ணில் படும். வாங்கியவர் பின்னால் திறந்து பார்ப்பார், திருத்துவார் என்று எண்ணிச் செய்த பொருளை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

இந்த மென்பொருளைப் பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை அழுத்தினால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். எரியும்போது அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் படிப்படியாக இல்லாமல் நீர்மட்டம் ஏறுவதுபோல் சீராக உயரும். விட்ட இடத்தில் நிற்கும். இரண்டு முறை அழுத்தினால் உச்சம். இவ்வளவும் எவருக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அணைந்த நிலையில் மூன்று முறை அழுத்தினால் பேட்டரியின் மின்னழுத்தத்தை மினுக்கிக் காட்டும்: நான்கு மினுக்கு, ஒரு சிறு இடைவெளி, பிறகு ஒரு மினுக்கு என்றால் 4.1 வோல்ட். நான்கு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பதினைந்து முறை அழுத்தினால் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் கூடச் சொல்லும். இங்கேதான் ஆர்வலர்களின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறார், ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது. அத்தனையும் ஒரே ஒரு பொத்தானுக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தச் சிக்கலைத் தாங்களே உணர்ந்து சரிசெய்ததும் அதே ஆர்வலர்கள்தான். அண்டுரில் 2-இல் எளிய முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் எரிவது, அணைவது, ஏற்றி இறக்குவது, பூட்டுவது போன்ற அடிப்படைச் செயல்கள் மட்டும் வேலை செய்யும். மினுக்கு விளக்குகளும் அமைப்புப் பட்டியல்களும் மறைந்துவிடும். உச்ச வெளிச்சமும் பாதுகாப்பான அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பத்து முறை அழுத்தினால் இந்த முறைக்குப் போகலாம். வெளியே வரப் பத்தாவது அழுத்தலைப் பிடித்திருக்க வேண்டும். என் அம்மாவிடம் இந்த முறையில் வைத்துத்தான் விளக்கைக் கொடுத்தேன். மாட்டுத்தொழுவத்துக்கும் கிணற்றடிக்கும் போய்வர அவர் அதை எடுத்துக்கொண்டு போகிறார். எதையோ அழுத்தி எதுவோ ஆகிவிட்டது என்று இதுவரை ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

அடுத்தது நிறம். கடைகளில் தொங்கும் மலிவு டார்ச்சுகளின் வெளிச்சத்தில் ஒரு நீலச் சாயல் இருக்கும். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்க்கும்போது அது பளிச்சென்று தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். வரப்பில் நடக்கும்போதுதான் அதன் குறை புலப்படும். காய்ந்த இலை, மண்கட்டி, வைக்கோல் எல்லாம் ஒரே சாம்பல் பூச்சாகிவிடும். ஒளி ஒரு பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு உண்டு. சூரிய ஒளிக்கு 100 என்றால், மலிவு எல்இடிகள் பெரும்பாலும் 70-ஐ ஒட்டி நிற்கும். ஜப்பானின் நிச்சியா நிறுவனம் செய்யும் 219பி, 519ஏ போன்ற எல்இடிகள் 90-க்கு மேல் தருபவை. அவற்றின் உச்ச லூமன் சற்றுக் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. லூமன் போகட்டும், நிறம் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் ஆர்வலர்கள்தான். டி4வி2-ஐ வாங்கும்போது எந்த எல்இடி, எத்தனை கெல்வின் (வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதற்கான அளவு) என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். நான் தேர்ந்தது 519ஏ, 4500 கெல்வின்.

அந்தத் தேர்வு சரிதான் என்று எனக்கு உறுதிப்பட்டது ஒரு தை மாத இரவில். மும்முனை மின்சாரம் இரவில் வந்ததால் மோட்டார் போடப் போயிருந்தேன். கொட்டகைக்கு முன்னால் புங்கமரத்துச் சருகு மண்டிக் கிடந்தது. விளக்கை நடுத்தர வெளிச்சத்தில் வைத்து நடந்தபோது, சருகின் பழுப்புக்குள் வேறொரு பழுப்பு தெரிந்தது. கொஞ்சம் செம்மை கூடியது, நீள்வட்டக் கரும்புள்ளிகள் வரிசையாகக் கோத்தது. கண்ணாடி விரியன். நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் இரண்டு அடிதான் இருந்திருக்கும். அதே இடத்தில் முன்பு வைத்திருந்த நீல வெளிச்ச டார்ச்சை அடித்திருந்தால் சருகும் பாம்பும் ஒன்றாகவே தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பழைய டார்ச்சின் அட்டையில் ஒரு லட்சம் லூமன் என்றும், போலீஸ் டாக்டிகல் என்றும் அச்சிட்டிருந்தது. ஒற்றை 18650 பேட்டரியால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்ட முடியாது.

டி4வி2 உண்மையில் எவ்வளவு தருகிறது என்று கேட்டால், எல்இடியைப் பொறுத்து உச்சத்தில் 4,000 லூமனை ஒட்டி அறிவிக்கிறார்கள். அந்த எண்ணையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரமுறையில், விளக்கைப் போட்டு 30 நொடிக்குப் பிறகுள்ள வெளிச்சத்தைத்தான் அளக்கிறார்கள். இந்தச் சிறிய உடலோ அதற்குள் கொதிக்கத் தொடங்கிவிடும். உச்சத்தில் நான்கு எல்இடிகளும் சேர்ந்து இருபது ஆம்பியரை ஒட்டி இழுக்கக்கூடும், அதாவது எழுபது வாட்டுக்கு அருகில். வீட்டில் வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியத் துண்டு என்ன பாடு படும் என்பது விளங்கும். உள்ளே வெப்பமானி இருக்கிறது. 45 டிகிரியை எட்டும்போது மென்பொருள் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடர்ந்து எரிக்கும்போது நிலைத்து நிற்பது சில நூறு லூமன்தான், அன்றாட வேலை எதற்கும் அது தாராளம். பையில் போடுவதற்கு முன் பூட்டுவதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பொத்தான் தவறி அழுந்தினால் துணி கருகும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலும் மின்தொடர்பு அறுந்துவிடும். நான் பயணங்களில் அப்படித்தான் வைக்கிறேன்.

தூரத்துக்கு இது ஏற்ற விளக்கு அல்ல. நான்கு எல்இடிகளின் ஒளி அகலமாக விரிந்து கிடக்கும்; தென்னந்தோப்பின் மறுமுனையில் நிற்பவரின் முகத்தை இதில் பார்க்க முடியாது. தூரத்தைத் தீர்மானிப்பது லூமன் அல்ல, ஒளி ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்லும் கேண்டிலா. 10,000 கேண்டிலா உள்ள விளக்கு 200 மீட்டர் வரை எட்டும் என்பது தரமுறைக் கணக்கு. அந்த 200-ஆவது மீட்டரில் இருப்பதும் நிலவொளி அளவுக்கான கால் லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). தூரம் வேண்டுவோர் ஒற்றை எல்இடியும் ஒளியைக் குவிக்கும் ஆழமான கிண்ணமும் உள்ள விளக்கைத் தேட வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் கவனம் தேவை. சார்ஜ் செய்ய இதில் துளை எதுவும் கிடையாது. தனிச் சார்ஜர் வேண்டும். அதிக மின்னோட்டம் தரவல்ல செல், அதாவது பேட்டரி, வேண்டும். சாம்சங் 30கியூ போன்ற 3,000 மில்லியாம்பியர்-மணி, 15 ஆம்பியர் செல் எனக்கு நன்றாக உழைக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லை இதில் போடக் கூடாது. குறையென்று இவற்றைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ, உள்ளேயே ஒட்டிவைத்த பேட்டரி செத்ததும் விளக்கையே குப்பையில் போடும் இன்றைய பழக்கத்தை விட, செல்லை மட்டும் மாற்றிப் பத்தாண்டு வைத்திருக்க முடிகிற இந்த வழியே மேலாகத் தெரிகிறது. பொத்தானைச் சுற்றியும் லென்ஸுக்கு அடியிலும் மங்கலாக எரியும் சிறு விளக்குகள், இருட்டில் டார்ச் எங்கே இருக்கிறது என்பதோடு பேட்டரியின் நிலையையும் நிறத்தால் சொல்கின்றன. சிவப்பு வந்தால் சார்ஜ் போட வேண்டும்.

இதை டாக்டிகல் விளக்கு என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு நேரான விடை தர வேண்டும். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு: காவலர் போன்றோர் ஆபத்து நேரத்தில் நொடியில் பயன்படுத்துவதற்கான விளக்கு. அமெரிக்காவின் ஷுர்ஃபயர் 6பி அந்த வகைக்கு இலக்கணம் வகுத்த விளக்குகளில் ஒன்று. அதில் இருந்தது 65 லூமன்தான். ஆனால் பொத்தான் பின்மூடியில் இருந்தது; கையை ஓங்கிய நிலையில் விளக்கைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் எரியும், விரலை எடுத்தால் அணையும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் எண்ணிப் பார்க்கவோ பொத்தானைத் தடவித் தேடவோ வேண்டியதில்லை. டி4வி2-இல் பொத்தான் பக்கவாட்டில், தலைக்கு அருகே இருக்கிறது. ஓங்கிப் பிடித்தால் விரலுக்கு எட்டாது. கையுறையோடு தேடினால் தட்டுப்படாது. அண்டுரில் 2-இல் டாக்டிகல் முறை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: ஆறு முறை அழுத்தி அதற்குள் போனபின், ஒரு முறை அழுத்திப் பிடித்தால் அதிக வெளிச்சம், இரண்டாம் அழுத்தலைப் பிடித்தால் குறைந்த வெளிச்சம், மூன்றாவதைப் பிடித்தால் கண்ணைப் பறிக்கும் மினுக்கு, விரலை எடுத்தால் எதுவானாலும் அணையும். சிந்தித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் பொத்தான் இருக்கும் இடத்தை மென்பொருளால் மாற்ற முடியாதே.

அதற்கு விடையும் அதே தயாரிப்பாளரிடம் இருக்கிறது. நாக்டிகான் என்ற பெயரில் அவர் வெளியிடும் கேஆர்4, ஏறத்தாழ இதே நான்கு எல்இடி விளக்குதான். பொத்தான் மட்டும் பின்மூடிக்குப் போயிருக்கிறது. இரவுக் காவல் பார்க்கும் என் சித்தப்பா மகன் யோசனை கேட்டபோது டி4வி2-ஐ அல்ல, கேஆர்4-ஐத்தான் வாங்கச் சொன்னேன். டாக்டிகல் முறையில் வைத்துக் கொடுத்து, மூன்றாவது இடத்தில் இருந்த மினுக்கை எடுத்துவிட்டு நடுத்தர வெளிச்சத்தை அமைத்தோம். ஏழாவது அழுத்தலைப் பிடித்திருந்தால் அந்த அமைப்புப் பட்டியல் திறக்கும். அவன் கட்டைவிரலுக்கு இப்போது மூன்று வெளிச்சம் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் முறை மாறிவிடுகிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பணிக்குப் போகும் முன் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

விலை தேர்வுகளைப் பொறுத்து ஐம்பது டாலரை ஒட்டி வரும். சுங்க வரியும் சார்ஜரும் செல்லும் தனி. வீட்டுக்கும் வயலுக்கும் என்றால் டி4வி2, 519ஏ, 4500 கெல்வின். காவலுக்கு என்றால் கேஆர்4, அதே எல்இடி. வாங்கியவர் முதல் நாளே செய்ய வேண்டியது, எளிய முறையிலேயே ஒரு வாரம் வைத்து, குறைந்த வெளிச்சத்தில் வீட்டுக்குள் நடந்து பழகுவது.