ஹெல்மெட்டிலா, பல்லிலா?

விளையாட்டில் தலையில் படும் அடியை அளக்கும் சென்சாரை எங்கே வைப்பது, ஹெல்மெட்டிலா, பல்லில் மாட்டும் வாய்க்கவசத்திலா? ஹெல்மெட் வழிதான் மூத்தது. அமெரிக்கக் கால்பந்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணி 2003லேயே அதைப் போட்டு ஆடியது. உள்ளே இடம் தாராளம், பேட்டரிக்கும் பிரச்சினை இல்லை, ஆடுபவருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் ஹெல்மெட் தலை இல்லையே! பலமாக மோதும்போது அது தனியாக வழுக்கித் திரும்பும், சென்சார் தலையோடு ஒட்டி நிற்கும்படி ஸ்பிரிங் வைத்தாலும் கொஞ்சம் பிசகத்தான் செய்யும், அதுவும் மூளையை அதிகம் படுத்துகிற சுழற்சி விசையைக் கணிக்கும்போது.

வாய்க்கவசம் மேல்வரிசைப் பல்லை இறுக்கிப் பிடிக்கும். பல் மண்டையோட்டோடு சேர்ந்தது, அதனால் தலை எப்படி அசைந்ததோ அப்படியே பதிவாகும். ரக்பியில் கெட்டி ஹெல்மெட்டே கிடையாது என்பதால் அங்கே ஹெல்மெட் வழிக்கு இடமும் இல்லை. 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில் ரக்பியின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி இந்தச் சென்சார் வாய்க்கவசத்தைத் தலைக்காயப் பரிசோதனை முறையிலேயே சேர்த்துவிட்டது: அடி பலமாக இருந்தால் மைதான ஓரத்தில் இருக்கும் மருத்துவருக்கு ப்ளூடூத்தில் தகவல் போகும், ஆட்டக்காரர் வெளியே வந்து பரிசோதனைக்கு நிற்க வேண்டும். தொல்லையும் உண்டு. அவரவர் பல்லுக்கு அச்சு எடுக்க வேண்டும், கடித்து மென்றால் பொய்ப் பதிவு வரும், கழற்றிக் காலுறையில் செருகிக்கொண்டால் ஒன்றுமே பதிவாகாது.

எனக்கு வாய்க்கவசம்தான் சரி என்று படுகிறது. இரண்டுமே அடியை மட்டும்தான் அளக்கின்றன, மூளை அதிர்ச்சியை அல்ல. அதைச் சொல்ல மருத்துவர்தான் வேண்டும்.